எண்ணெய் முழுக்கும் வாசலில் நின்ற துரையும்

எத்தனையோ தலைமுறைக்கு முந்தி, எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஒரு மகாராஜாவுக்கு இங்கிலீஷ் துரையோடு பேச ஆசை வந்தது. அரண்மனை விகடகவியான கொண்டல்ராயனைக் கூப்பிட்டு, "நாற்பது நாளில் அந்தப் பாஷையைப் படி. என் பேச்சை அவருக்கு மொழிபெயர்க்கும் துபாஷி நீதான்" என்றார்.

துறைமுகத்தில் கால் ஒடிந்து தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்கார மாலுமி பாடம் சொன்னான். ஒருவர் 'இருக்கிறேன்' என்றதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லும்போது, அவர்கள் பாஷையில் அது 'இருந்தார்' ஆகிவிடுமாம்.

பிரதானி வல்லபராயர் சும்மா இருப்பாரா? அவருக்குத்தான் விகடனைக் கண்டாலே ஆகாதே! நேரே போய் அரசர் காதில் ஓதினார். "பிரபு, தாங்கள் 'ஆள்கிறேன்' என்றால் இவன் துரையிடம் 'ஆண்டார்' என்பானாம். தாங்கள் உயிரோடு இருக்கும்போதே!"

அரசருக்குச் சகுன பயம் அதிகம். "என் சொல்லின் காலத்தை மாற்றினால் உன் நாக்கு இருக்காது" என்று எழுத்திலேயே உத்தரவு போட்டுவிட்டார்.

மாற்றினால் நாக்கு போகும். மாற்றாவிட்டால் துரைக்குத் தப்பான சேதி போகும். கொண்டல்ராயனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி அடுத்த வீட்டில் சொல்லி அழுததில் ஊருக்கே தெரிந்தது.

சனிக்கிழமை அரசர் எண்ணெய் முழுக்கு. "எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், யாரையும் உள்ளே விடாதே" என்று விகடனிடம் சொன்னார்.

மறுநாள் துரை வந்து சேர்ந்தார். அரசர் சகல ஆபரணங்களோடும் கொலுவில் காத்திருந்தார். ஒரு நாழிகை, இரண்டு நாழிகை. வாசலில் தடித்த கோட்டுக்குள் துரை வியர்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் கப்பலுக்கே திரும்பப் புறப்பட்டார் என்ற செய்தி வந்ததும் சபை நடுங்கியது. துரையை எதிர்கொள்ள வாசலுக்குப் போயிருந்த விகடனை இழுத்து வந்தார்கள்.

"ஏனடா அவரை நிறுத்தினாய்?"

கொண்டல்ராயன் கும்பிட்டான். "பிரபு, வாசலைப் பற்றித் தாங்கள் கடைசியாகச் சொன்னதை அப்படியே சொன்னேன். 'மகாராஜா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.' காலத்தை ஒரு மயிரிழையும் மாற்றவில்லை."

வல்லபராயர் துள்ளினார். "அட மூடா, அது நேற்று! அரசர் தேய்த்துக்கொண்டிருந்தார்!"

"ஐயோ, பிரதானியாரே! காலத்தை மாற்றிவிட்டீரே. இப்போது யார் நாக்கு?"

வல்லபராயர் சட்டென வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்து அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உத்தரவைக் கிழித்துப் போட்டு, துரையை அழைத்துவர ஆள் விரட்டினார்.

"கொண்டல்ராயா, உனக்குப் பத்து வேலி நிலம் தருகிறேன்."

"பிரபு, அதிகாரிகளிடம் 'தந்தார்' என்றே சொல்லிக்கொள்கிறேனே. 'தருகிறார்' என்றால் என் பேரன் காலத்திலும் தந்துகொண்டேதான் இருப்பார்கள்."