காயும்வரை சுற்றிய தூண்டில் கம்பு

கொம்புக்குளத்து மக்களிடம் ஒரே ஒரு குறைதான். சொன்னதைக் கேட்பார்கள்.

அந்த ஊர் வங்கி வாசலில் ‘வரிசையில் நிற்கவும்’ என்று ஒரு பலகை இருந்தது. வங்கி பஸ் நிலையத்துப் பக்கம் மாறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது. பலகையை எடுக்க மறந்துவிட்டார்கள். இன்றைக்கும் காலை பத்து மணிக்கு அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். நடுவில் புகுந்ததாகச் சண்டைகூட வரும்.

அப்பேர்ப்பட்ட ஊரில் பூமிநாதன் என்று ஒருவர். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். வயது ஐம்பத்து நாலு. ஊரிலேயே யோசிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். எதையும் இரண்டு தடவை யோசிப்பார். முதல் தடவை பெரும்பாலும் சரியாகவே யோசிப்பார். இரண்டாவது தடவையில்தான் அதைத் திருத்திவிடுவார்.

அவருடைய மகள் செண்பகவல்லியைப் பெண் பார்க்க, பெருங்கரையிலிருந்து தவமணி என்பவர் தன் மகனுக்காக வந்திருந்தார். எல்லாம் பிடித்துப்போயிற்று. பேச்சு சாப்பாட்டுப் பக்கம் திரும்பியபோது தவமணி, “நான் மீன்னா உயிரை விடுவேன். ஆனா கடை மீனைக் கையால தொடமாட்டேன்” என்றார்.

பூமிநாதன் பேசாமல் இருக்கலாம் என்று யோசித்தார். அது முதல் தடவை. பிறகு வாயைத் திறந்தார்.

“நம்ம கண்மாயிலயே பிடிச்சுத் தர்றேன் சம்பந்தி. அதுவும் நானே செஞ்ச தூண்டில் கம்புல.”

“நீங்களே கம்பு செய்வீகளா?”

“பொழுதுபோக்குக்கு” என்றார் பூமிநாதன். அதுவரை அவர் ஒரு குச்சியைக்கூடச் சீவியதில்லை. போனில் யாரோ தூண்டில் கம்பு கட்டுவதை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தவமணி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்போ சரி. மூணாவது ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்த மீனைச் சாப்பிட்டுட்டே கல்யாணத் தேதியைக் குறிச்சிருவோம்.”

அவர் போனதும் பூமிநாதனின் மனைவி பேச்சியம்மாள் கேட்டாள். “மீன் வரலைன்னா தேதியும் வராது. இது தெரிஞ்சுதான் பேசுனீகளா?”

“யோசிச்சுத்தான் பேசுனேன்.”

“எத்தனை தடவை?”

அவருக்கு மோட்டார் போட நேரமாகிவிட்டது.

மறுநாளே இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் வெள்ளைக்கண்ணு, தையல்கடைக்காரர். இன்னொருவர் சந்தியாகு, சைக்கிள் கடைக்காரர். மூவரும் டவுனில் தூண்டில் சாமான் விற்கும் ஜமால் பாயின் கடைக்குப் போய், வளையமும் பிடியும் இல்லாத ஒரு மொட்டைக் கம்பு, நரம்பு கோக்கிற வளையம் ஒரு டப்பா, இரண்டு பாட்டில் பூச்சு எல்லாம் வாங்கினார்கள்.

ஜமால் பாய் நல்ல மனிதர். “கம்புங்கிறது ஆளுக்கு ஆள் மாறும்ணே. சட்டை மாதிரி. அளவெடுத்துச் செய்யணும்” என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மாலையே வெள்ளைக்கண்ணு டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பூமிநாதனை நிற்க வைத்துக் கழுத்து, நெஞ்சு, இடுப்பு, கை நீளம் என்று வரிசையாக எடுத்து நோட்டில் குறித்தார்.

“கழுத்து அளவு கம்புக்கு எதுக்கு மாப்ளே?” என்றார் சந்தியாகு.

“சட்டை மாதிரின்னு பாய் சொன்னாரா இல்லையா?”

“சொன்னாரு.”

“கழுத்து எடுக்காத சட்டை எங்கயாச்சும் உண்டா?”

சந்தியாகு ஒப்புக்கொண்டார். வெள்ளைக்கண்ணு மட்டும் பிறகு நெடுநேரம் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பை இடது பக்கமா, வலது பக்கமா என்று அவருக்கு ஒரே குழப்பம். கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, கம்பின் நீளத்தில் மட்டும் இரண்டு இஞ்ச் தாராளமாக விட்டார். “துவைச்சா இழுத்துக்கிரும்.”

அடுத்தது முதுகு. “கம்பை வளைச்சா ஒரு பக்கம் மட்டும் முரண்டு பிடிக்கும்ணே. அதுதான் முதுகு. அதைக் கண்டுபிடிச்சு, அந்த வரிசையில வளையம் கட்டுங்க” என்று ஜமால் பாய் சொல்லியிருந்தார். மூவரும் மாறி மாறித் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

“நமக்குத் தெரியாத வேலையை நாம செய்யக் கூடாது” என்றார் பூமிநாதன். எட்டடிக் கம்பை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, மூவரும் பக்கத்து ஊர் எலும்பு வைத்தியரிடம் போனார்கள்.

வைத்தியர் முப்பது வருஷமாக எலும்பு பார்க்கிறவர். வந்தவர்களைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். பிறகு கம்பை வாங்கி, மேலிருந்து கீழ்வரை பொறுமையாக அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

“முதுகு இது. முறிவு எதுவும் இல்ல. பத்து நாளைக்குப் பாரம் தூக்க வேண்டாம்.”

பத்து நாளும் கம்பு தலையணை வைத்துக் குப்புறப் படுத்திருந்தது. பாரம் வேண்டாம் என்பதற்காகப் பக்கத்தில் யாரும் சத்தமாகக்கூடப் பேசவில்லை.

அதன் பிறகு வளையங்களை வைத்து நூல் கட்டினார்கள். “நூலுக்கு நடுவுல இடைவெளியே தெரியக் கூடாது” என்பது ஜமால் பாயின் பேச்சு. வளையத்தின் காலடியில் மட்டும் கட்டவேண்டிய நூலை, அடிமுனையிலிருந்து நுனிவரை எட்டடிக்கும் கட்டினார்கள். வெள்ளைக்கண்ணு கடையில் ரவிக்கைக்கு வைத்திருந்த நூல் அத்தனையும் தீர்ந்தது. சேலையோடு வந்த பெண்களிடம், “கம்பு முடியட்டும்மா” என்றார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கம்பு அழகாக இருந்தது. ஊதா, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று திருவிழாவுக்குப் புறப்பட்ட பாம்பு மாதிரி இருந்தது. பூமிநாதன் அதைப் பார்க்கும்போதெல்லாம், தான் இத்தனை நாள் வேறு ஆளாக இருந்திருக்கலாமோ என்று யோசித்தார். ஒரு தடவைதான் யோசித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

மீதி இருந்தது பூச்சு. அதற்கு ஜமால் பாயே திங்கட்கிழமை காலையில் மொபெட்டில் வந்தார். இரண்டு பாட்டிலையும் கலந்து, நூல்மேல் தடவிக் காட்டினார்.

“இனிமேதாண்ணே முக்கியம். கம்பை மெதுவாச் சுத்திக்கிட்டே இருக்கணும். நிறுத்துனா பூச்சு கீழ வழிஞ்சு ஒரு பக்கமாக் குமிழ் கட்டிக்கிரும். நாளைக்குச் சாயங்காலம் வந்து பார்க்கிறேன். நான் வந்து சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.”

“மெதுவான்னா எப்படி பாய்? ஒரு கணக்குச் சொல்லுங்க” என்றார் பூமிநாதன்.

“கரண்ட் போனதும் ஃபேன் சுத்துமே, நிக்கப்போற நேரத்துல. அப்படி.”

இரண்டு நாற்காலிகளின் முதுகில் கம்பைக் கிடத்திச் சுற்ற ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. ஜமால் பாய் வரவில்லை. அவர் மறந்துபோனார்.

புதன்கிழமை பேச்சியம்மாள் கூடத்துக்கு வந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். “காஞ்சு கல்லு மாதிரி இருக்கு. இன்னும் என்னத்தைச் சுத்துறீக?”

“காயுற வரைக்கும்னு அவரு சொல்லல பேச்சி. நான் வந்து சொல்ற வரைக்கும்னாரு.”

“அப்போ ஒரு போனைப் போட்டுக் கேளுங்க.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தியாகுதான் பேசினார். “வந்து சொல்றேன்னாரு தங்கச்சி. போன்ல சொல்றேன்னு சொல்லலையே.”

பேச்சியம்மாள் ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து வந்து, கணவன் வாயில் உருண்டை உருண்டையாகப் போட்டாள். அவருக்குக் கை ஒழியவில்லை.

மூன்று பேரும் முறை வைத்துச் சுற்றினார்கள். மோட்டார் போடும் நேரத்துக்குக் கம்பையும் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனார்கள். வியாழக்கிழமை வெள்ளைக்கண்ணுவுக்கு உட்கார்ந்தபடியே தூக்கம் வந்தது. ஆனாலும் விரல் சுற்றிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை சந்தியாகு ஒரு வீட்டில் டம்ளரைக் கையில் வாங்கி, காப்பி முழுக்கச் சட்டையில் கொட்டும்வரை டம்ளரைச் சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை தவமணி வந்தார். பூமிநாதனால் கும்பிட முடியவில்லை. முழங்கைகளைச் சேர்த்து, “வாங்க சம்பந்தி” என்றார்.

தவமணி கோபப்படவில்லை. கம்பைச் சுற்றி வந்து பார்த்தார். “என்ன நெறம், என்ன நெறம். ஆமா, ஏன் சுத்துது?”

“சொன்னவரு இன்னும் வரல.”

“அப்போ நிறுத்த முடியாது” என்றார் தவமணி. அவரும் கொஞ்சம் கண்டிப்பான ஆள்தான்.

“ஒரு வாய் காப்பி குடிக்கிறீகளா, இல்ல ஒரு சுத்து சுத்துறீகளா?” என்று கேட்டார் பூமிநாதன்.

தவமணி காப்பியை வேண்டாம் என்றார்.

இனிமேல்தான் சிக்கல். மீன் பிடித்தாகவேண்டும். கம்போ சுற்றிக்கொண்டிருக்கிறது. மகள் அடுப்படிக் கதவோரம் நின்று பூமிநாதனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாய் என்ன சொன்னாரு? நிறுத்தாதீங்கன்னாரு” என்றார் வெள்ளைக்கண்ணு. “மீன் பிடிக்காதீங்கன்னு சொன்னாரா?”

சொல்லவில்லை. எல்லோருக்கும் உயிர் வந்தது.

முன்னால் சந்தியாகு நுனியைத் தாங்க, பின்னால் பூமிநாதன் சுற்ற, ஊர்வலம் கண்மாய்க்குப் புறப்பட்டது. வண்ணக் கம்பு சுற்றிக்கொண்டே வருவதைப் பார்த்த ஒரு அம்மாள் குடத்துத் தண்ணீரைத் தெருவில் ஊற்றிக் கும்பிட்டாள். வங்கி வாசலில் நின்றவர்கள்கூட வர ஆசைப்பட்டார்கள். ஆனால் வரிசையை விட முடியவில்லை.

கரையில் வெள்ளைக்கண்ணு தூண்டில் நரம்பை நுனியில் கட்டி, முள்ளில் மண்புழுவைக் கோர்த்துத் தண்ணீரில் விட்டார். கம்பு சுற்றச் சுற்ற, நரம்பு நுனியில் நூல்கண்டு மாதிரிச் சுற்றிக்கொண்டது. புழு தண்ணீருக்குள் மெல்ல மெல்ல மேலே ஏறியது. அப்படி ஒரு மரியாதையான புழுவைக் கண்மாய் மீன்கள் பார்த்ததில்லை. ஒரு ஜிலேபி மீன் அதைக் கவ்விவிட்டது.

யாரும் இழுக்கவில்லை. பூமிநாதன் சுற்றினார். சுற்றுக்கு ஒரு விரற்கடை வீதம் மீன் ஏறியது. முதலில் வாய் தெரிந்தது. கொஞ்சம் கழித்துக் கண் தெரிந்தது. தவமணி மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். வால் வெளியே வந்தபோது பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. மீனும் கம்போடு சேர்ந்து தானும் சுற்றியபடி, நாலு பக்கமும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே ஏறியது.

பேச்சியம்மாள் மண்சட்டியோடு வந்து நின்றாள். அவள் கண்ணிலேயே தண்ணீர் கோத்துக்கொண்டது. தவமணி முழங்கால்வரை இறங்கி மீனுக்குக் கையை நீட்டினார். இன்னும் நாலு சுற்று.

அப்போது கரைமேல் மொபெட் சத்தம் கேட்டது. ஜமால் பாய்.

“மறந்தே போச்சுண்ணே. இப்பத்தான் ஞாபகம் வந்து உங்க வீட்டுக்குப் போனேன், இங்கன்னாங்க. ஏன் இன்னும் சுத்துறீங்க? போதும், நிறுத்துங்க. அது செவ்வாய்க்கிழமையே காஞ்சிருக்குமே.”

வந்தார், சொல்லிவிட்டார். பூமிநாதன் கை நின்றது. மீன் தவமணியின் விரலுக்கு இரண்டு விரற்கடை எட்டத்தில் தொங்கியது.

பூமிநாதன் யோசித்தார். மீனை எடுத்துச் சட்டியில் போடவேண்டும், குழம்பு வைக்கவேண்டும், தேதி குறிக்கவேண்டும். சரியாகவே யோசித்தார்.

பிறகு இரண்டாவது தடவை யோசித்தார்.

“அப்படின்னா செவ்வாய்க்கிழமையிலேர்ந்து அஞ்சு நாள் கூடுதலாச் சுத்தியிருக்கோம்.”

சந்தியாகுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “நட்டை அளவுக்கு மேல முடுக்குனா என்னாகும்? மரை போயிரும். இதுவோ எட்டடி.”

“என்ன செய்யலாம்?” என்றார் பூமிநாதன்.

“முடுக்குன நட்டை என்ன செய்வோம்? திருப்பிச் சுத்துவோம். அஞ்சு நாள்.”

“அண்ணே” என்று ஆரம்பித்தார் ஜமால் பாய். அதற்குமேல் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. என்ன சொன்னாலும் அதைச் செய்துவிடுவார்களே என்ற பயம் அவருக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

“மீனையாச்சும் கழட்டிக்கிட்டுத் திருப்புங்க” என்றாள் பேச்சியம்மாள்.

பூமிநாதன் தவமணியைப் பார்த்தார். தவமணி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

“இல்லம்மா. செவ்வாய்க்கிழமை நிறுத்தியிருந்தா இந்த மீன் ஏறியே இருக்காது. கூடுதல் சுத்துல ஏறுன மீன். நல்ல காரியத்துக்கு அது வேணாம்.” பிறகு பூமிநாதனிடம் திரும்பினார். “நீங்க திருப்புங்க சம்பந்தி. வெள்ளிக்கிழமை கம்பு நேராயிரும். அன்னிக்கு வந்து தேதியைக் குறிக்கிறேன். அதுவரைக்கும் உங்க மூணு பேருக்குச் சிரமம். நாலாவது முறைக்கு என் மகனை அனுப்புறேன். இனிமே அவனும் இந்த வீட்டு ஆள்தான.”

பூமிநாதனுக்குக் கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்திருந்தார்.

மீன் இறங்கியது. வந்த வழியே, அதே வேகத்தில், நாலு பக்கமும் எல்லோரையும் மறுபடி பார்த்துக்கொண்டே இறங்கியது.

“வெள்ளிக்கிழமை எந்த மீனைப் பிடிக்க?” என்றார் பூமிநாதன்.

“இதே மீன்தான்” என்றார் தவமணி. “பார்த்துப் பிடிச்சுப்போச்சு.”

“கண்மாய்ல ஆயிரம் கெடக்குதே சம்பந்தி. இதுதான்னு எப்படிக் கண்டுபிடிக்க?”

வெள்ளைக்கண்ணு அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருந்தார். சுற்றிக்கொண்டே இறங்குகிற மீனோடு தானும் சுற்றி, கழுத்திலிருந்த டேப்பால் தலையிலிருந்து வால்வரை பிடித்தார். இடுப்பை எடுத்தார். முள்ளைப் பக்குவமாகக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டார். கரைக்கு வந்து காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் குறித்தார்.

“நீளம் ஒன்பது. இடுப்பு ஏழரை. கவலைப்படாதீங்க, விட மாட்டேன்” என்றார். “வளர்ற பிள்ளை. ரெண்டு இஞ்ச் தாராளமா விட்டுத்தான் எழுதியிருக்கேன்.”