'ம்' நின்ன இடம்

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. பொய்யா இருந்தா இந்த மடத்துல நான் வடிக்கிற சோறு குழைஞ்சு போகட்டும்.

தெனமும் குழைஞ்சுதான் போகுது. அது வேற விஷயம்.

"சாமி, என் ஞானமுத்து பேயா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிருங்க."

கேட்டது பூவலிங்கம். எங்க சாமியோட சிஷ்யரு. சாமியை விட இருபது வயசு மூப்பு, ஆனா கால்ல விழறதுல மொத ஆளு. கதை எழுதுவாரு.

சாமி பல் வெளக்கிட்டிருந்தாரு. வேப்பங்குச்சியை வாயிலேருந்து எடுக்காமலே வானத்தைப் பாத்தாரு.

ஊர்ல அவருக்கு எரிச்சல் சாமின்னு பேரு. அந்தப் பேரு வந்ததே பூவலிங்கத்தாலதான்.

ஞானமுத்துங்கறது நெசமான ஆளு இல்ல. பூவலிங்கம் எழுதின கதையில வர்ற டெய்லரு. சட்டைக்கு அளவு குடுக்க வர்றவன் கெட்டவனா இருந்தா, அளவு டேப்பாலயே கழுத்தை இறுக்கிருவான். மொத்தம் ஏழு கொலை.

ஆனா தங்கமான மனுசன். மூணு கால் நாய் ஒண்ணை வளக்கறான். அதுக்கு இட்லியைப் பிச்சுப் பிச்சு ஊட்டுவான்.

படிச்சவங்க எல்லாம் அழுதாங்க. சனி பிடிச்சது அங்கதான்.

டவுன்ல பத்திரிகை நடத்தற தமயந்தியம்மா பேய் மலர் ஒண்ணு போடறாங்க. பூவலிங்கம் கதையைப் படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. "அழுகை வருது, பயம் வரல. இது பேய்க்கதை இல்ல."

இவரோ தன் பேரு அச்சுல வரப்போகுதுன்னு சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லி வச்சுட்டாரு. வரலேன்னா அந்தத் தெருப்பக்கம் தலை காட்ட முடியாது. விடாம கெஞ்சுனாரு.

அந்தம்மா கடைசியில ஒரு வழி சொன்னாங்க. "உங்க சாமி வாயால அவனைப் பேய்னு சொல்லட்டும். போடறேன்."

அன்னையோட சாமிக்கு நிம்மதி போச்சு.

"பேய்தான். போ."

"பேய்னா பரிதாபம் வருதே சாமி?"

"அப்ப பேய் இல்ல. போ."

"ஏழு பேரைக் கொன்னுருக்கானே சாமி?"

"அப்ப பேய்தான்யா!"

"கெட்டவங்களைத்தானே சாமி கொன்னான்?"

குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நின்னு கேப்பாரு. தியானத்துல உக்காந்தா எதிர்ல உக்காந்து தொண்டையைச் செருமுவாரு. ஒருநா சாமி கண்ணைத் தொறக்காமலே சொன்னாரு: "முருகா, பேயைக் கூட ஓட்டிரலாம்யா."

மலர் அச்சுக்குப் போற அன்னைக்கு தமயந்தியம்மாவே மடத்துக்கு வந்து எறங்குனாங்க.

"சாமி, சீக்கிரம் ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. இவரு போன் பண்ணிப் பண்ணி என் காது புண்ணாப் போச்சு."

"உனக்குக் காது மட்டும்தாம்மா" ன்னாரு சாமி. "உக்காருங்க, ரெண்டு பேரும். நான் கதை சொல்றேன். 'ம்' கொட்டணும்."

எங்க பக்கம் அதான் வழக்கம். கதை கேக்கறவன் 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா சொல்றவன் துண்டை ஒதறிட்டு எந்திரிச்சுருவான்.

"ஒரு புளியமரம்."

"ம்."

"அடியில ஒருத்தி நின்னா."

"ம்."

"தலை நெறைய பூ. 'அண்ணே, வெத்தல இருக்கா'ன்னா."

"ம்."

"குடுக்கலாம்னு குனிஞ்சேன். கீழ அவ காலு இருக்க வேண்டிய எடத்துல..."

ரெண்டு பேரும் கப்சிப்.

"எங்கய்யா 'ம்'?"

"பயந்துட்டேன் சாமி."

"'ம்' நின்னா அது பேய். அவ்வளவுதான் கணக்கு. இப்ப உன் ஆளு வர்றான்."

பூவலிங்கம் சம்மணத்தை நல்லா மாத்திப் போட்டுக்கிட்டாரு.

"ஞானமுத்து கடைக்கு ஒருத்தன் வந்தான். பொண்டாட்டியை அடிக்கறவன். டேப்பு இறுகிச்சு."

"ம்." ரெண்டு பேரும், சந்தோசமா.

"பச்சப்புள்ளைக்கு வாங்கற பால்ல தண்ணி ஊத்தின பால்காரன். டேப்பு இறுகிச்சு."

"ம்."

"வீட்டுக்குப் போனான். நாய் மூணு கால்ல நொண்டிக்கிட்டு ஓடி வந்துச்சு. இட்லி ஊட்டுனான்."

"ம்ம்..." பூவலிங்கம் கண்ணைத் தொடச்சாரு. அந்தம்மாவும்தான்.

"பஸ்ல புள்ளத்தாச்சிக்கு எடம் குடுக்காதவன். டேப்பு இறுகிச்சு."

"ம்."

"தச்ச சட்டையில கை நீளமா இருக்குன்னு சொன்னவன். டேப்பு இறுகிச்சு."

பூவலிங்கம் லேசா யோசிச்சாரு. நாய் ஞாபகம் வந்திருக்கும் போல. "ம்."

"அடுத்து ஒருத்தன். கெட்டவன்னு சொல்ல முடியாது. தொணதொணன்னு கேள்வி கேப்பான்."

"ம்."

"பச்சைக் கரை வேட்டி."

"ம்."

"கழுத்தைச் சுத்தித் துண்டு."

"ம்."

"பேரு பூவலிங்கம். டேப்பு இறுகிச்சு."

பூவலிங்கம் வாயைத் தொறந்தாரு. சத்தம் வரல.

"ம்" ன்னாங்க தமயந்தியம்மா.

மோவாயில கை வச்சு, மொகமெல்லாம் உருகிப் போய் சாமியைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. "அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆச்சு சாமி?"

பூவலிங்கம் மெதுவா அந்தம்மா பக்கம் திரும்புனாரு.

"யம்மா. நான்மா அது."

அந்தம்மா மோவாயிலேருந்து கை நழுவுச்சு.

சாமி வேப்பங்குச்சியைத் தேடிக்கிட்டிருந்தாரு.

பூவலிங்கம் கழுத்துல இருந்த துண்டை எடுத்து மடியில வச்சாரு. அப்புறம் அதையும் கொஞ்சம் தள்ளி வச்சாரு.

"கதையைக் குடுங்க" ன்னாங்க அந்தம்மா. வாங்கிப் பைக்குள்ள வச்சாங்க. பையை மடியில வைக்காம, கையை நீட்டித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே போனாங்க.

"வேற ஏதாவது கேள்வி இருக்கா?" ன்னாரு சாமி.

பூவலிங்கம் இல்லேன்னு தலையாட்டுனாரு. மொத தடவையா.

பூவலிங்கத்துக்கு டேப்பு இறுகுனப்ப அடுப்படியிலேருந்து நானும் 'ம்' கொட்டுனேன். அது வேற விஷயம்.

நீங்க மட்டும் என்னவாம்? பால்காரனுக்கு ஆட்டுன தலையை இன்னும் நிறுத்தல. கதை சொன்ன கூலிக்கு ஆளுக்கு ஒரு தேங்கா, மொட்டையா இல்லாம குடுமியோட, வச்சுட்டுப் போங்க. ஏமாத்திட்டு எந்திரிக்கறவங்க கொஞ்சம் நில்லுங்க, சட்டைக்கு அளவெடுத்துக்கறேன்.