கலியமூர்த்தி குடிக்க ஒரு கோப்பை

“இதுல என்ன குறைன்னு வாயத் தொறந்து சொல்லுங்க டீச்சர்” என்றாள் பூரணி.

அவள் கையில் இருந்தது ஒரு தாமரைக் கோப்பை. இதழ் இதழாக விரித்து, நரம்புகூட விடாமல் கீறி, இளஞ்சிவப்புப் பூச்சுக் கொடுத்துச் சூளையில் சுட்டெடுத்தது. வகுப்பில் இருந்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

கோட்டக்குப்பத்தில் அந்த மண்பாண்ட வகுப்பை நடத்துகிறவள் மெஹருன்னிசா. பூரணிக்கு மகள் வயது. செடி, கொடி, காய், கிளிஞ்சல் என்று இயற்கையில் பார்த்ததை வைத்துப் புழங்குகிற பாத்திரம் செய்யக் கற்றுக்கொடுப்பாள். பேச்சுதான் கொஞ்சம் பஞ்சம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைத் தம்ளர் கிடையாது. அவரவர் செய்த பாத்திரத்தில்தான் அவரவருக்கு டீ. ஒழுகினால் ஒழுகட்டும், சட்டை நனைந்தால் நனையட்டும்.

மெஹர் தாமரையில் டீயை ஊற்றி நீட்டினாள்.

பூரணி குடித்தாள். இரண்டு இதழ்களுக்கு நடுவிலிருந்த பள்ளத்தின் வழியாக டீ முகவாயில் இறங்கிச் சேலையை நனைத்தது.

“எனக்கே ஒழுகுதே” என்றாள். “அவரு எப்படிக் குடிப்பாரு?”

அவர் என்றால் கலியமூர்த்தி, அவளுடைய கணவர். நடுக்கு வியாதி வந்து வலது கை ஓயாமல் ஆடுகிறது. ஒரு கல்யாண வீட்டில் காபியைப் பக்கத்தில் இருந்தவர் வேட்டியில் கொட்டிவிட்டார். அன்றோடு சரி. “குடிச்சா நானே குடிக்கணும். ஊட்டிவிடுற வேலையெல்லாம் வேணாம்” என்று சொல்லிவிட்டு, நாலு பேர் இருக்கிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. போகப்போக நாலு பேர் இருக்கிற இடத்துக்கே போவதில்லை.

அதற்காகத்தான் பூரணி இந்த வகுப்பில் சேர்ந்தாள். பார்க்கிறவர்கள் கண் கோப்பையிலேயே நிற்கவேண்டும், கைப்பக்கம் போகக்கூடாது. அவ்வளவு அழகாக ஒன்று செய்துவிட வேண்டும். பாவம், பிரியம் அதிகமான இடத்தில் புத்தி கொஞ்சம் குறுக்கே ஓடத்தான் செய்யும்.

“தாமரைய எங்க பார்த்தீங்கம்மா?” என்று கேட்டாள் மெஹர்.

“ஊசுட்டேரியில.”

“இன்னும் கொஞ்சம் பக்கத்துல இருக்கிறதப் பாருங்க.”

அடுத்த வாரம் மாடித் தொட்டியிலிருந்த ஓமவல்லி இலையைப் பார்த்து ஒரு கோப்பை செய்தாள்.

“இன்னும் பக்கத்துல” என்றாள் மெஹர்.

அதற்கடுத்த வாரம் சமையல்கட்டுப் பூண்டு. பல் பல்லாகப் புடைத்த வயிறு, குறுகின வாய். டீ ஊற்றி ஆட்டிப் பார்த்தார்கள். தளும்பவில்லை.

“பரவால்லயே” என்றாள் மெஹர். பூரணிக்கு முகம் மலர்ந்தது. “ஆனா, இன்னும் பக்கத்துல.”

பூரணிக்கு வந்ததே கோபம்.

“பூண்டவிடப் பக்கத்துல என் வீட்ல வேற என்ன இருக்கு? அந்த மனுஷன்தான் உக்காந்திருக்காரு!”

“அவரக் கூட்டிட்டு வாங்க” என்றாள் மெஹர்.

கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்து வந்தாள். கலியமூர்த்தி மூலையில் ஒரு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பூரணி பூண்டுக் கோப்பையைப் புதிதாக இன்னொரு முறை செய்தாள். கணவர் பார்க்கிறார் என்பதால் ஒவ்வொரு பல்லையும் பார்த்துப் பார்த்து வழித்தாள். முடித்து நிமிர்வதற்குள் மெஹர் அந்த ஈரக் கோப்பையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள்.

“இதப் புடிங்க ஐயா.”

“எனக்கு மண்ணு வேலையெல்லாம் வராதும்மா.”

“வேல ஒண்ணுமில்ல. டீ குடிக்கிற மாதிரி சும்மா புடிங்க.”

மறுக்கத் தெரியாமல் கையை எடுத்தார். விரல்கள் ஈர மண்ணில் பதிந்தன. பதிந்து ஆடின. பூண்டுப் பல் ஒவ்வொன்றாக நசுங்கியது.

“ஐயோ, போச்சே!” பூரணி ஓடிவந்து, வீட்டில் செய்கிற பழக்கத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

மெஹர் அவள் கையை மெல்ல விலக்கினாள்.

“விடுங்கம்மா. நீங்க புடிச்சா அது உங்க கைக்கு ஆயிடும்.”

பூரணி விட்டுவிட்டாள். நின்று பார்த்தாள். நடுக்கம் வந்த நாளிலிருந்து அந்தக் கையை மறைக்கத்தான் பார்த்திருக்கிறாள். இப்படி நின்று பார்த்ததில்லை. கட்டைவிரல் ஒரு பக்கமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. சுண்டுவிரல் மட்டும் அசையாமல் அடியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

“போதும் ஐயா” என்று மெஹர் கோப்பையை வாங்கிக் காய வைத்தாள்.

சூளை பிரித்த அன்று கலியமூர்த்தியும் வந்திருந்தார். வகுப்பே கூடியிருந்தது. மெஹர் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டே வந்து, அவர் கோப்பையிலும் ஊற்றினாள்.

பூரணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கலியமூர்த்தி கோப்பையை எடுத்தார். விரல்கள் ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. கை ஆடியது, கோப்பையும் கூடவே ஆடியது. டீ உள்ளேயே சுழன்று உள்ளேயே அடங்கியது. ஒரு வாய் குடித்தார். ஒரு சொட்டு வேட்டியில் விழுந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. இன்னொரு வாய் குடித்தார்.

புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் குனிந்து பார்த்தாள்.

“எவ்ளோ அழகா இருக்கு! அலை அலையா... எதப் பார்த்து இதச் செஞ்சீங்க? கிளிஞ்சலா?”

பூரணி மெஹரைப் பார்த்தாள். மெஹர் அடுத்தவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கலியமூர்த்தி கோப்பையைக் கீழே வைத்தார். அத்தனை பேர் நடுவிலும் வலது கையை அந்தப் பெண்ணுக்கு முன்னால் நீட்டினார். அது ஆடிக்கொண்டிருந்தது.

“இதப் பார்த்துதாம்மா” என்றார்.