நேரில் வந்த வெள்ளைச்சாமி

இல்லாத மனுஷனை ஒரே கையெழுத்தில் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிற சார்பதிவாளர் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார்.

அன்னக்கொடியின் புருஷன் வெள்ளைச்சாமி காணாமல் போய் இரண்டு மாதம். போன வாரம் ரைஸ்மில்காரர் அவர்கள் நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார். கேட்டால், வெள்ளைச்சாமியே விற்றுவிட்டானாம். அவள் பத்திர ஆபீசுக்கு ஓடினாள்.

சார்பதிவாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போன மாசம் பத்தாம் தேதி உன் புருஷன் நேர்ல வந்து, என் முன்னாடி கைரேகை வச்சான். இல்லேங்கிறியா? அவனையே கூட்டிட்டு வந்து சொல்லச் சொல்லு."

கல்யாணம் பதிய மாலையோடு நின்ற கூட்டம் சிரித்தது.

அன்னக்கொடி கும்பிட்டாள். "உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் ஐயா. கடைசியா அவரைப் பாத்தது யாருன்னுதான் போலீஸ்ல குடைஞ்சு குடைஞ்சு கேக்குறாங்க. பத்திர நகல் ஒண்ணு குடுங்க. நீங்கதான்னு கொண்டுபோய்க் காட்டுறேன்."

அவர் பேனா நின்றது. "ஐயோ, என்னை ஏம்மா இழுக்கிறே? அவன் வரவேயில்ல! ரேகை வச்ச பத்திரத்தை மில்காரர்தான் கொண்டுவந்தார்!"

மாலையோடு நின்ற கூட்டம் மேசையை நெருங்கி வந்தது.

"அதையே எழுதிக் குடுங்கய்யா."

அத்தனை பேர் கேட்டபிறகு அவருக்கு வேறு வழியில்லை. எழுதினார். கல்யாணத்துக்குச் சாட்சி போட வந்த இரண்டு பேர் அதற்கும் சாட்சி போட்டார்கள்.

காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல்வரை போன அன்னக்கொடி திரும்பி வந்தாள்.

"அவர் நேர்ல வந்தாருன்னு நீங்க சொன்னப்ப, உசிரோட இருக்காருன்னு ஒரு நிமிஷம் நானும் நம்பிட்டேங்கய்யா. இறப்புச் சான்றுக்கு எந்த ஆபீசுக்குப் போகணும்?"