குப்பை நிரப்பிய நினைவகம்

பிறந்த குழந்தைகளின் இதயத்துடிப்பைக் காட்டும் மெஷின் ஒன்றுக்குக் கர்னல், அதாவது அதை உள்ளிருந்து நடத்தும் அடிப்படை சாஃப்ட்வேர், எழுதுகிற கூட்டம் எங்களுடையது. சின்னக் கூட்டம்தான், தலைக்கனம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. இருந்தால் என்ன? எங்கள் மெஷின் வார்டில் நின்றுபோனதாக இதுவரை ஒரு போன் வந்ததில்லை.

காரணம் சகாயமேரி. அவர் படித்துப் பார்த்து, கீழே தன் பெயரைப் போடாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது.

திருவேங்கடம் வங்கி சாஃப்ட்வேரில் தலை நரைத்தவர். கர்னல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேரியிடம் வந்து சேர்ந்தார். குருவைவிட சிஷ்யருக்கு வயது அதிகம். இருவருமே அதைப் பொருட்படுத்தவில்லை.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை இது. மெஷின் பூட் ஆகும்போது, அதாவது சுவிட்சைப் போட்டதும் அது கண்விழிக்கும்போது மட்டும், கர்னல் கொஞ்சம் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். பூட் முடிந்ததும் அது சும்மா கிடக்கும். அதை விடுவித்தால் துடிப்பின் பதிவை இன்னும் நீளமாக வைத்துக்கொள்ளலாம். விடுவித்தார். ஒரு வாரம் ஓடவிட்டும் பார்த்தார்.

"மெஷின் ஒருவாட்டிகூட நின்னு விழலை மேரி. பேரைப் போட்டுடுங்க," என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பந்தலைப் பிரிச்சாச்சு, சரி. உள்ள யாராவது இன்னும் சாப்பிட்டுட்டு இருக்காங்களான்னு பாத்தீங்களா?"

"யாரு இருக்கப் போறா? அதான் ஓடுதே!"

மேரி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விடுவிப்பதற்கு முன்னால் அந்த இடம் முழுவதையும் குப்பை எண்களால் நிரப்பும்படி ஒரு வரி சேர்த்தார். மெஷினைப் பூட் செய்தார். திரையில் துடிப்பின் பச்சைக் கோடு அழகாக ஓடியது. சென்சார் வயரைப் பிடுங்கி, மறுபடி சொருகினார்.

திரை அப்படியே உறைந்துபோனது.

"ஐயோ! நல்லா ஓடிட்டிருந்ததைக் கெடுத்துட்டீங்களே!"

"எங்க விழுந்துச்சுன்னு பாருங்க சார்."

பார்த்தார். வயரைச் சொருகும்போதெல்லாம் சென்சாரை இயக்கும் சின்ன சாஃப்ட்வேரான டிரைவர் ஒரு அட்டவணையைப் படிக்கிறது. அந்த அட்டவணை இருந்தது, அவர் விடுவித்துவிட்ட பூட் நினைவகத்தில்.

"போன வாரம் நானும் வயரைப் பிடுங்கிப் பாத்தேனே. அப்ப எப்படி ஓடுச்சு?"

"அந்த இடத்துக்கு அப்ப வேற யாரும் குடிவரலை. பழசு அப்படியே கிடந்துச்சு, படிச்சுக்கிச்சு. வார்டுல யாராவது குடிவந்திருந்தா?"

திருவேங்கடம் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அட்டவணையை, கடைசிவரை இருக்கும் நினைவகத்துக்கு மாற்றினார். பூட் நினைவகத்தின் முகவரியை வேறு யாரெல்லாம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு டிரைவராகத் திறந்து பார்த்தார். இன்னொன்று சிக்கியது. அதையும் சரிசெய்தார். வயரைப் பிடுங்கிச் சொருகினார், மெஷினைத் தூங்கவைத்து எழுப்பினார். கோடு ஓடியது.

மேரி தன் பெயரைப் போட்டார். "நல்ல வேலை சார். எனக்கே பெருமையா இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நாங்கள் கேட்டதே இல்லை. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

திருவேங்கடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அப்புறம் என்ன, அந்தக் குப்பை வரியை எடுத்துடலாமே? பூட் ஆகுறதுக்கு வீணா நேரம் பிடிக்குது. இனிமேதான் விழாதே!"

"வேணாம் சார், இருக்கட்டும். நாளைக்கு யாராவது புது டிரைவர் எழுதுவாங்க, தப்பும் பண்ணுவாங்க. அப்ப இந்த வரியால மெஷின் விழணும். வார்டுக்குப் போறதுக்கு முன்னாடி, இங்கேயே, நம்ம கண்ணு முன்னாடி விழணும்."