லட்டு ஏறிய பல்லக்கு

முன்னொரு காலத்தில், எந்த ஊர், எந்த வருஷம் என்று என்னைக் குடையாதீர்கள், எனக்கும் தெரியாது, இராஜகம்பீரன் என்று ஒரு ராஜா இருந்தார். அந்தக் கம்பீரமெல்லாம் தன் பிள்ளையைக் கண்டால் எங்கேயோ போய்விடும். ஒரே பிள்ளை. பெயர் செண்டலங்காரன், வயது ஒன்பது. அவன் "ம்" என்றால் ஒரு லட்டு வரும். "ம்ம்" என்றால் இரண்டு வரும். கட்டிலிலிருந்து பல்லக்கு, பல்லக்கிலிருந்து ஊஞ்சல் என்று வளர்ந்தான், தரைக்கும் அவன் காலுக்கும் பழக்கமே இல்லை. காய்கறிகளை அரண்மனைச் சுவர்ச் சித்திரத்தில் பார்த்ததோடு சரி.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். விஜயதசமி அன்று பட்டத்து இளவரசன் கோட்டைக் கொத்தளத்தின் நூற்றெட்டுப் படிகளையும் தன் காலால் ஏறிக் கொடி நாட்ட வேண்டும். போன வருஷம் நம் பையன் ஏழாவது படியில் உட்கார்ந்துகொண்டு, "மிச்சப் படிகளைக் கீழே கொண்டு வாருங்கள்" என்று உத்தரவு போட்டான். வந்திருந்த சிற்றரசர்கள் அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள். ராஜாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த விஜயதசமிக்கு நாற்பது நாள் இருக்கும்போது சபையில் ராஜா கூப்பிட்டார். "அம்பலவாணா!"

அம்பலவாணன் அந்தச் சபையின் விகடகவி. முறுக்கின மீசையும் அடங்காத வாயும்தான் அவன் ஆஸ்தி.

"இந்த முறை இளவரசன் உச்சிவரை ஏற வேண்டும். அது உன் பொறுப்பு" என்றார் ராஜா.

உடனே எழுந்தார் மடைப்பள்ளித் தலைவர் சர்க்கரைமுத்து. லட்டு பிடிப்பது இவர்தான். தாம் உருட்டிய லட்டை வாயில் போட்டுக்கொண்டே ராஜா அம்பலவாணனின் பேச்சுக்குச் சிரிக்கிறாரே என்று பல வருஷமாக இவருக்கு வயிற்றெரிச்சல்.

"அரசே, குழந்தையின் மனம் நோகலாகாது. நட என்றோ ஓடு என்றோ இளவரசரிடம் எவரும் சொல்லலாகாது. அவர் கேட்ட பண்டத்தை எவரும் மறுக்கலாகாது. அதட்டலாகாது. இவ்வளவுக்கும் உட்பட்டே அம்பலவாணர் இதைச் செய்ய வேண்டும்."

"அதுவும் சரிதான், பாவம் குழந்தை" என்று ராஜா உருகினார். "தவறினால் அம்பலவாணனின் பாதி மீசையை மழித்து நாடு கடத்துவோம்!"

அம்பலவாணனின் கை தானாக மீசைக்குப் போனது.

வீட்டுக்கு வந்து மனைவி சிவகாமியிடம் சொன்னான். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"மீசை போனாப் போவுது, நாட்ட வுட்டு எங்கங்க போறது? எங்கம்மா வூடு இங்க, பசுவும் கன்னும் இங்க. எனக்கு வேற ஊருல தூக்கமே வராதே!" என்று அழுதாள். அம்பலவாணனுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஊரைச் சிரிக்க வைக்கிறவனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

மூக்கைச் சிந்திக்கொண்டே சிவகாமி சொன்னாள்: "அந்த சர்க்கரமுத்து சாமானியப்பட்ட ஆளா? லட்டுக்கே ராஜ மரியாத வாங்குன மனுசனாச்சே!"

"அடி சிவகாமி!" என்று துள்ளி எழுந்தான் அம்பலவாணன். "இன்னொரு வாட்டி சொல்லு!"

அது பொங்கலன்று நடந்த கூத்து. ராஜா நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்து சர்க்கரைமுத்து ஓர் ஆணை வாங்கிவிட்டார். 'இளவரசருக்கு உண்டான எல்லா மரியாதைகளும் அவர் உண்ணும் லட்டுக்கும் உண்டு. லட்டுக்கு முன்னால் சாமரம் வீசிச் செல்லும் உரிமை மடைப்பள்ளித் தலைவர் ஒருவருக்கே.' மடைப்பள்ளிக்கும் இளவரசன் அறைக்கும் இருபது அடி. அந்த இருபது அடிக்கும் குடை பிடித்து, சாமரம் வீசி, லட்டைக் கொண்டு போவார் மனிதர். பெருமை பிடிபடாது.

மறுநாள் விடிந்ததும் அம்பலவாணன் ஒரு காலிப் பல்லக்கு, நாலு ஆட்கள், ஒரு முரசு சகிதமாக மடைப்பள்ளி வாசலில் நின்றான்.

"ஐயா, இளவரசர் தினமும் காலையில் பல்லக்கேறிக் கோட்டையை மூன்று சுற்று வலம் வருகிறார். அந்த மரியாதை மட்டும் லட்டுக்கு இதுவரை நடக்கவில்லை. அரசாணையை அரைகுறையாக விடலாமா? தங்கள் தலைக்கல்லவா ஆபத்து?"

சர்க்கரைமுத்துவின் முகம் வெளுத்தது. ஆணை அவர் கேட்டு வாங்கியது. இல்லை என்று எப்படிச் சொல்வார்? வெள்ளித் தட்டில் லட்டை வைத்துப் பல்லக்கில் ஏற்றினார். சாமரத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றார்.

அந்தப் பல்லக்குத் தூக்கிகள் இதுவரை இளவரசனைச் சுமந்தவர்கள். இன்று ஒரு லட்டு! கால் தரையில் பாவவில்லை. பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். நின்றால் மிதித்துவிடுவார்களே என்று முன்னால் சர்க்கரைமுத்து சாமரமும் கையுமாக, "மெல்ல! ஐயோ, மெல்ல!" என்று ஓடினார்.

அரண்மனையில் செண்டலங்காரன் கண் விழித்தான். "ம்" என்றான். ஒன்றும் வரவில்லை. "ம்ம்" என்றான். அதற்கும் வரவில்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து, "லட்டு எங்கே?" என்றான்.

அம்பலவாணன் வணங்கினான். "லட்டு வீதி உலா போயிருக்கிறது, இளவரசே. மூன்று சுற்று முடிய நண்பகல் ஆகும். முடிந்ததும் தங்களிடம்தான் வரும்."

"நண்பகலா! என் பல்லக்கைக் கொண்டு வா!"

"மறுப்பேனா? இதோ பல்லக்கு. ஆனால் மரியாதைப் பல்லக்கு ஒன்று வீதியில் இருக்கும்போது இன்னொன்று வாசலைத் தாண்டாது. அது தங்கள் பாட்டனார் காலத்து வழக்கம். வாசல்வரை வேண்டுமானால் போகலாம்."

வாசலில் பல்லக்கு நின்றது. எதிரே முரசு முழங்க லட்டு பறந்து போனது. செண்டலங்காரன் ஒரு கணம் பார்த்தான். திரையை விலக்கிக் குதித்தான். ஓடினான்!

எவ்வளவு தூரம்? தெரு முனைவரை. அங்கே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. பக்கத்தில் ஒருத்தி கூடையோடு இருந்தாள்.

"பச்சையாக இருக்கிறதே, அது என்ன?"

"வெள்ளரிப் பிஞ்சு, சாமி."

"கொடு."

கேட்ட பண்டத்தை மறுக்கக் கூடாதே! கொடுத்தாள். கடித்தான். மொறுக்கென்றது. "அட, இது சத்தம் போடுகிறது!" என்று சந்தோஷத்தில் நாலு தின்றான்.

மறுநாள் குயவர் தெருப் பிள்ளைகளுக்குச் சேதி தெரிந்துவிட்டது. "டேய், லட்டு ஓடுதுடா! ராசா மவன் தொரத்துறாருடா!" என்று அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இத்தனை நாளும் பல்லக்குத் திரையின் இடுக்கு வழியாக அவர்கள் விளையாடுவதைப் பார்த்து ஏங்கியவன் செண்டலங்காரன். இப்போது அவர்கள் நடுவே ஓடினான். விழுந்தான், முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவன் ஒருநாளும் இருந்ததில்லை.

ஓடினால் பசிக்கத்தானே செய்யும்? ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் கம்பங்கூழும் மோரும் கேட்டு வாங்கி மூன்று கலயம் குடித்தான். இன்னொரு நாள் முருங்கைக்கீரையை வழித்து நக்கினான். பதினைந்தாம் நாள் லட்டைப் பிடித்தே விட்டான்! ஆனால் கூட ஓடி வந்தவர்கள் முப்பத்தேழு பேர். ஆளுக்கு ஒரு பூந்தி வந்தது. அதற்குப் பிறகு அவன் லட்டை எடுக்கவில்லை. எடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்று பல்லக்கைத் தொட்டுவிட்டு விட்டுவிடுவான். லட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

விஜயதசமி வந்தது. சிற்றரசர்கள் அங்கவஸ்திரத்தோடு தயாராக வந்தார்கள். கூட்டத்தில் சிவகாமி கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டபடி நின்றாள். பக்கத்தில் நாவிதர் கத்தியோடு காத்திருந்தார்.

செண்டலங்காரன் கொடியை எடுத்தான். விடுவிடுவென்று ஏறினான். நூற்றெட்டாவது படியில் கொடியை நாட்டிவிட்டு, "இவ்வளவுதானா படி?" என்று மேலிருந்து கத்தினான்.

ஊரே ஆரவாரம் செய்தது. சர்க்கரைமுத்து மட்டும் முன்னால் வந்தார். "அரசே! நிபந்தனை மீறப்பட்டது. அம்பலவாணர் இளவரசரை ஓட வைத்துவிட்டார்!"

ராஜா பிள்ளையிடம், "உன்னை யாராவது ஓடச் சொன்னார்களா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலப்பா. லட்டு ஓடிச்சு, நானும் ஓடினேன்."

"லட்டை ஏனடா ஓட விட்டாய், அம்பலவாணா?"

"அடியேன் எம்மாத்திரம், அரசே? ஆணை மடைப்பள்ளித் தலைவர் பெற்றது. முத்திரை தங்களுடையது."

ராஜா சர்க்கரைமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே உற்றுப் பார்த்தார். "என்னய்யா, உமது தொப்பை எங்கே?"

வேட்டி நழுவாமலிருக்க இரண்டு கயிறு போட்டுக் கட்டியிருந்தார் மனிதர்.

"பாவம், மிகவும் இளைத்துவிட்டீர். அந்த ஆணையை இப்போதே ரத்து செய்கிறேன்" என்றார் ராஜா.

"வேண்டாம் அரசே!" என்று அலறினார் சர்க்கரைமுத்து. பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "இருபது வருஷத்து மூட்டுவலி போய்விட்டது. ஓடாத நாளில் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. தயவு பண்ணி லட்டை ஓட விடுங்கள்."

ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் காதுவரை சரிந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணனுக்குப் போட்டார். நாவிதர் கத்தியை மடித்துக்கொண்டு போனார். சிவகாமி அழுதுகொண்டே சிரித்தாள்.

மாலையைப் போடுகிற சாக்கில் ராஜா அம்பலவாணன் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டார்:

"நாளைக்கு அந்தப் பல்லக்கில் லட்டுக்குப் பக்கத்தில் ஒரு முறுக்கும் வைக்க முடியுமா? நான் துரத்தத்தான்."