பலவேசத்தின் எடைக்கு எடை கருப்பட்டி

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். மளிகைக் கடை பலவேசத்துக்கு அந்தப் பொருத்தமெல்லாம் ஒத்துவராது. ஆள் தொண்ணூற்றெட்டுக் கிலோ. போன வருஷம் மஞ்சக்காமாலையில் கண் செருகிக் கிடந்தபோது, பெண்டாட்டி சிவனம்மாள் அம்மனிடம் அழுது நேர்ந்துகொண்டாள்: "இவுக எந்திரிச்சு உக்காந்தாப் போதும் தாயே, எடைக்கு எடை கருப்பட்டி தாரேன்." எழுந்து உட்கார்ந்தவர் முதல் காரியமாக, "எந்த எடை? படுத்துக் கெடந்தப்ப உள்ளதா, இப்ப உள்ளதா?" என்று கேட்டார். அப்போதே அவளுக்கு மனசு வெறுத்துவிட்டது.

ஒரு வருஷம் இழுத்தடித்து, இன்றைக்குத்தான் கோயில் துலாபாரத்துக்கு வந்திருக்கிறார். கையில் ஒரே ஒரு ஓலைக்கொட்டான் கருப்பட்டி. மிஞ்சிப்போனால் ஐந்து கிலோ தேறும்.

தராசுக்காரர் கொம்பையா கொட்டானையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். "மிச்சம் வண்டியில வருதா வே?"

"மிச்சமா? இதுலயே பாதி திரும்பி வரும், பாரும். நான் எடையைக் குறைச்சிட்டேன் வே. பட்டினி கெடந்து இல்ல, பையப் பைய. சோத்துல ஒரு நாளைக்கு ஒரு பருக்கை கம்மி. நேத்து நூறுன்னா இன்னைக்குத் தொண்ணூத்தொம்பது."

"அப்ப நாலாந்தடவை சோறு வாங்கித் தின்னது யாராம்?" என்றாள் சிவனம்மாள்.

"அது எண்ணுறதுக்கு வாங்குனது ளா. எண்ணாம எப்படிக் குறைக்க?"

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் பலவேசத்துக்குக் குஷி கிளம்பிவிட்டது.

"ஆறாம் மாசம் பஸ்ஸுல ஏறுனேன். கண்டக்டர் டிக்கெட்டே தரல. 'சட்டையைக் காயப்போட இதுதான் எடமா'ன்னு பின்சீட்டுப் பொம்பளையைச் சத்தம் போடுதான். அந்தச் சட்டைக்குள்ள நான் இருக்கேன்! பொறவு ஒருநாள் கடையில கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா எறும்பு என்னைய இழுத்துட்டுப் போவுது."

"ஒரு எறும்பா?" என்றார் கொம்பையா.

"ஒண்ணுன்னு சொன்னாப் புளுகுன்னுவீரு. ரெண்டு."

சிவனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அதை விடும். ஆடிக் காத்துல கடை வாசல்ல நின்னேன், அவ்வளவுதான். தூக்கிட்டுப் போயி கயத்தாறு கரண்டுக் காத்தாடி றெக்கையில ஒட்ட வச்சிட்டு. மூணு நாள் சுத்துனேன். அந்த மூணு நாளும் நம்ம ஊருல கரண்டு போகல, ஞாபகம் இருக்கா?"

"மூணு நாளும் சாப்பாடு?" என்றார் கொம்பையா.

"மடியில ஒரு பருக்கை கட்டிக்கிட்டுல்லா போனேன். பாதி மிச்சம்."

சிவனம்மாள் அவர் வயிற்றைப் பார்த்தாள். சட்டையின் நடுப் பொத்தான் தெறித்து எங்கேயோ போயிருந்தது. "அப்ப இது என்னது?"

"தொந்தி எப்பவோ போயிட்டு ளா. இது அது இருந்த தடம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். பூசணிக்காயே எழுந்து வந்து தன்னை மறைத்துக்கொள்வதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். பன்னிரண்டு நாள் கண் மூடாமல் அழுதது இந்த வாய்க்காகவா என்று எரிச்சலாக வந்தது. அம்மனுக்குக் கொடுத்த வாக்கு பொய்த்துப்போனால், நாளைக்கு ஒரு ஆபத்து என்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்து கேட்பாள்?

"போதும் வே, ஏறும்," என்றார் கொம்பையா.

பலவேசம் ஏறி உட்கார்ந்தார். தட்டு ணங்கென்று தரையில் இடித்தது. எதிர்த் தட்டில் இருந்த கொட்டான் ஆளுயரத்துக்கு எழும்பி ஆடியது. சனமெல்லாம் அவர் வாயையே பார்த்தது.

அவர் அசரவில்லை. இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். "பாத்தியளா? ஒடம்புல கனமே இல்ல. இது பூராவும் பக்தி."

சிவனம்மாள் அவர் இடுப்பில் தொங்கிய கடைச் சாவியை உருவினாள்.

"ரொம்ப நல்லது. பக்திக்குக் குறை வைக்கக் கூடாது. கடையில உள்ள கருப்பட்டிச் சிப்பம் அத்தனையும் ஏத்திக்கிட்டு வாரேன்," என்றவள் கொம்பையா பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நான் வாற வரைக்கும் அந்தப் பக்தியைக் கீழ எறங்க விடாதீய."